கடலடி வீட்டின் கணக்கு: இறங்க ஒரு நிமிடம், ஏற ஒரு நாள்

2023-இல் ஜோசஃப் டிடூரி என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஃபுளோரிடாவின் கீ லார்கோவில் ஒரு காயலுக்கு அடியில் 100 நாள் தங்கிவிட்டு வெளியே வந்தார். 2025 ஜனவரியில் ருடிகர் கோக் என்ற ஜெர்மானியப் பொறியாளர் பனாமா கடலில் 11 மீட்டர் ஆழத்தில் 120 நாள் இருந்து அந்தச் சாதனையை முறியடித்தார். செய்திகளில் இரண்டும் ஒரே பந்தயத்தின் இரண்டு ஓட்டங்கள் போலத்தான் வந்தன. உண்மையில் அவர்கள் இருவரும் வாழ்ந்தது இரண்டு வெவ்வேறு உலகங்களில்.

டிடூரி தங்கிய வீட்டின் தரையில் ஒரு பெரிய திறப்பு உண்டு. அதற்கு எப்போதும் மூடிய கதவு கிடையாது. கிணற்று நீர் போலக் கடல்நீர் அங்கே தளும்பி நிற்கும். கோக் இருந்த அறையிலிருந்து நீர்மட்டத்துக்கு மேல்வரை ஒரு குழாய் போயிற்று. அதற்குள் சுழல் படிக்கட்டு இருந்தது. மருத்துவரும் செய்தியாளர்களும் படியில் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் படியேறிப் போனார்கள். கோக் சுவாசித்தது நம் வீட்டுக் கூடத்துக் காற்றின் அழுத்தத்தில். டிடூரி சுவாசித்தது சுற்றியிருந்த நீரின் அழுத்தத்தில். கடலடி வாழ்க்கை பற்றிய எந்தச் செய்தியைப் படித்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் என்ன? எத்தனை நாள், எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் அதற்கு அடுத்தது.

தரையில் ஓட்டை இருந்தும் வீட்டுக்குள் தண்ணீர் ஏறாதது ஏன் என்பதை வாளித் தண்ணீரில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து நேராக அழுத்தினாலே பார்த்துவிடலாம். உள்ளே மாட்டிக்கொண்ட காற்று தண்ணீரை மேலே வர விடாது. ஆனால் அதே டம்ளரைக் கடலில் 10 மீட்டர் கொண்டுபோனால் காற்று சுருங்கி, டம்ளரின் பாதிவரை தண்ணீர் ஏறியிருக்கும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம், அதாவது சுமார் 1 பார் கூடுகிறது. டம்ளர் முழுக்கக் காற்றாகவே இருக்க வேண்டுமானால் மேலிருந்து காற்றை அடைத்துக்கொண்டே போக வேண்டும். கடலடி வீடு என்பது அப்படிக் காற்றடைத்த டம்ளர்தான்.

இதில் ஒரு வசதியும் ஒரு தண்டனையும் சேர்ந்தே வருகின்றன. உள்ளேயும் வெளியேயும் ஒரே அழுத்தம் என்பதால் சுவர் தடிமனாக இருக்க வேண்டியதில்லை. குடியிருப்பவர் எந்நேரமும் திறப்பு வழியாக நீரில் இறங்கி வேலை செய்யலாம். தண்டனையை உடம்பு வாங்கிக்கொள்கிறது.

உடம்பு வாங்கும் கடன்

அழுத்தம் கூடிய காற்றைச் சுவாசித்தால் அதிலுள்ள நைட்ரஜன் நுரையீரல் வழியாக இரத்தத்திலும், அங்கிருந்து திசுக்களிலும் கரைகிறது. ஆக்சிஜனை உடம்பு செலவழித்துவிடும். நைட்ரஜனுக்கு அங்கே எந்த வேலையும் இல்லை, அப்படியே தங்கிவிடும். மெதுவாக மேலே வந்தால் மூச்சு வழியே மெதுவாக வெளியேறும். சட்டென்று வந்தால் கோலி சோடாவில் கோலியை உள்ளே தள்ளிய கணம் நடப்பதுதான் உடம்பிலும் நடக்கும். மூட்டில் குமிழி வந்தால் வலி, தண்டுவடத்தில் வந்தால் முடக்கம், நுரையீரலில் திரண்டால் மரணம். டீகம்ப்ரஷன் நோய், ஆங்கிலேய முக்குளிப்பவர்கள் பேச்சில் 'பெண்ட்ஸ்', இதுதான்.

எல்லாத் திசுக்களும் ஒரே வேகத்தில் வாயுவை ஏற்பதில்லை. இரத்த ஓட்டம் மிகுந்த இடங்கள் சில நிமிடங்களில் பாதி நிரம்பிவிடும்; கொழுப்பும் மூட்டுகளும் மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஒரு திசு பாதி நிரம்ப 240 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அடுத்த 240 நிமிடத்தில் மீதியில் பாதி, அதற்கடுத்த 240-இல் அதன் மீதியில் பாதி. இப்படி ஆறு சுற்றில், அதாவது 24 மணி நேரத்தில், 98 சதவீதத்துக்கு மேல் நிரம்பிவிடும். அதற்கு மேல் கொள்ளாது. இந்த நிலைக்குத்தான் சாச்சுரேஷன், செறிவு நிலை என்று பெயர்.

1950-களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஜார்ஜ் பாண்ட் பிடித்துக்கொண்ட இழை இது. உடம்பு ஒருமுறை நிறைந்துவிட்டால், அதற்குப் பிறகு ஒரு நாள் இருந்தாலும் ஒரு மாதம் இருந்தாலும் வெளியேற்ற வேண்டிய வாயு ஒரே அளவுதான். வட்டி ஏறாத கடன். சாதாரணமாக 18 மீட்டர் ஆழத்தில் வேலை செய்பவர் சுமார் ஒரு மணி நேரத்துக்கு மேல் தங்கினால் ஏறும்போது நடுவில் நின்று நின்றுதான் வர வேண்டும். தினமும் அந்த ஒரு மணி நேரத்துக்காக இறங்கி ஏறுவதைவிட, கீழேயே தங்கி, நாளெல்லாம் வேலை பார்த்து, கடைசியில் ஒரே ஒருமுறை கடனை அடைப்பது லாபம். கடலடி வீடு என்ற யோசனைக்கு உயிர் கொடுத்தது இந்தக் கணக்குதான். சாகச ஆசை அதற்கு விளம்பரம் தேடித் தந்தது, அவ்வளவுதான்.

பாண்ட் முதலில் எலி, ஆடு, குரங்கு என்று அழுத்த அறையில் சோதித்தார். பிறகு மனிதர்களை வைத்தார். அதற்குள் கடலில் மற்றவர்கள் முந்திக்கொண்டார்கள். 1962 செப்டம்பரில், எட்வின் லிங்க் வடிவமைத்த உருளைக்குள் ராபர்ட் ஸ்டெனுவி பிரான்ஸின் தென்கரையில் 61 மீட்டர் ஆழத்தில் ஒரு நாளுக்கு மேல் இருந்தார். அதே மாதம் பிரெஞ்சுக் கடலாய்வாளர் ழாக் கூஸ்தோ குழுவின் இருவர் மார்சேய் அருகே 10 மீட்டரில் ஒரு வாரம் தங்கினார்கள். அடுத்த ஆண்டு சூடான் கடற்கரைக்கு அப்பால் செங்கடலில் நட்சத்திர மீன் வடிவ வீட்டில் ஒரு மாதம். 1965-இல் நீஸ் அருகே 100 மீட்டரில் ஆறு பேர் மூன்று வாரம். அமெரிக்கக் கடற்படை 1964-இல் பெர்முடாவில் சீலேப் 1, 1965-இல் கலிபோர்னியாவின் லா ஹோயாவில் சீலேப் 2 என்று இறக்கியது.

அந்த முதல் சீலேப் கடலடியில் அசையாமல் நிற்க, பழைய ரயில் பெட்டி அச்சுகளைத்தான் எடையாகக் கட்டினார்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கடலடி வீடு கட்டுவதில் முதல் தலைவலி மூழ்காமல் காப்பது அல்ல, மிதக்காமல் காப்பது. 2.7 மீட்டர் விட்டமும் 13 மீட்டர் நீளமும் உள்ள உருளையின் கொள்ளளவு ஏறக்குறைய 75 கன மீட்டர். கடல்நீர் அதை 76 டன் விசையோடு மேலே தள்ளும். அத்தனை எடையையும் இரும்பாகவும் ஈயமாகவும் சேர்க்க வேண்டும். ஆனால் இழுத்துக்கொண்டு வரும்போது மிதக்கவும் வேண்டும், இறக்கும்போது ஒரு பக்கம் சாயவும் கூடாது. சீலேப் 2 சரிவான தரையில் கோணலாக உட்கார்ந்துவிட்டது. உள்ளே இருந்தவர்கள் கடைசிவரை சாய்ந்த தரையில்தான் சமைத்தார்கள், தூங்கினார்கள்.

ஈரத் திண்ணையும் உள்வீடும்

இந்த வீடுகள் எப்படி இயங்குகின்றன என்று நெருங்கிப் பார்க்க வேண்டுமானால் அக்வாரியஸ் என்ற அமெரிக்கக் கடலடி ஆய்வு வீட்டைத்தான் பார்க்க வேண்டும். 1986-இல் கட்டி முதலில் அமெரிக்க வர்ஜின் தீவுகளின் செயின்ட் குரோயில் இறக்கினார்கள். 1993 முதல் கீ லார்கோவிலிருந்து சுமார் 9 கிலோமீட்டர் தள்ளி கான்ச் பவளத் திட்டில் இருக்கிறது. கடல்தரை 19 மீட்டர். வீட்டுக்குள் நுழையும் திறப்பின் நீர்மட்டம் 14, 15 மீட்டர். உள்ளே சுமார் 2.5 பார் அழுத்தம். 81 டன் எடை, 37 சதுர மீட்டர் இடம், ஆறு படுக்கை. 2013 முதல் ஃபுளோரிடா சர்வதேசப் பல்கலைக்கழகம் நடத்துகிறது. நாசா தன் விண்வெளி வீரர்களை 2001 முதல் இங்கே அனுப்பிப் பழக்கியது. ழாக் கூஸ்தோவின் பேரன் ஃபேபியன் கூஸ்தோ 2014-இல் 31 நாள் தங்கினார். வழக்கமான தங்கல் பத்து நாள் அளவில்.

வாசலில் இருப்பது ஈரத் திண்ணை. நீர் தளும்பும் திறப்பு அங்கேதான். நீந்தி வந்தவர் படியேறி, கருவிகளைக் கழற்றி, நன்னீரில் குளித்து, துவட்டிக்கொண்டுதான் அடுத்த அறைக்குப் போகலாம். அடுத்தது இடையறை: கருவிகள், மின்சாரப் பலகைகள், கழிவறை. அதற்கும் அப்பால் உள்வீடு: படுக்கை, மேசை, பெரிய சன்னல். மேலே கடலில் 10 மீட்டர் அகல மிதவை ஒன்று நங்கூரத்தில் நிற்கிறது. ஜெனரேட்டர்களும் காற்றுக் கம்ப்ரஸர்களும் அதில்தான். தொப்புள்கொடி போல ஒரு தடித்த குழாய்க்கற்றை அங்கிருந்து கீழே வந்து காற்று, மின்சாரம், தொலைத்தொடர்பு எல்லாவற்றையும் கொடுக்கிறது. கரையில் 24 மணி நேரமும் ஒருவர் திரையைப் பார்த்தபடி இருப்பார்.

இப்படிப்பட்ட வீட்டைக் காற்றால் நிரப்ப எவ்வளவு தேவைப்படும்? 75 கன மீட்டர் இடத்தை 1 பாரிலிருந்து 2.5 பாருக்குக் கொண்டுபோகக் கூடுதலாக 112 கன மீட்டர் சாதாரணக் காற்று வேண்டும். முக்குளிப்பவர் முதுகில் சுமக்கும் 12 லிட்டர் உருளை 200 பாரில் 2.4 கன மீட்டர் கொள்ளும். ஆக 47 உருளை. இது ஒருமுறை நிரப்ப மட்டும். திறப்பின் நீர்மட்டம் ஓதத்தோடு ஏறி இறங்கும். காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். ஈடுகட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

மிகவும் கவனிக்க வேண்டியது கரியமில வாயு. ஒரு மனிதர் நாளொன்றுக்கு வெளிவிடுவது சுமார் 500 லிட்டர், எடையில் ஏறக்குறைய ஒரு கிலோ. அதை உறிஞ்சுவது சோடா லைம் என்ற குருணை. பெரும்பகுதி நீற்றுச் சுண்ணாம்புதான்; வெற்றிலைக்குத் தடவுவதும், சுவருக்கு அடித்த வெள்ளை காற்றுப் பட்டு இறுகுவதும் இதே சுண்ணாம்பு, இதே வேதிவினை. நடைமுறையில் ஒரு கிலோ குருணை 100 முதல் 150 லிட்டர் வரை பிடிக்கும். அதாவது ஆளுக்கு நாளொன்றுக்கு நாலைந்து கிலோ. குருணையைத் தளர்வாக நிரப்பினால் காற்று எளிதான வழியைக் கண்டுபிடித்து ஒரே ஓடையாக ஓடிவிடும். சுற்றியுள்ள குருணை புதிதாகவே இருக்க, கரியமில வாயு உறிஞ்சப்படாமல் திரும்பி வரும். ஆகவே தட்டித் தட்டி நிரப்ப வேண்டும். குளிர்ந்தாலும், மிகவும் காய்ந்தாலும், நனைந்து களியானாலும் வேலை செய்யாது.

அளவீட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. உடம்புக்குத் தெரிவது சதவீதம் அல்ல, பகுதி அழுத்தம், அதாவது கலவையில் அந்த ஒரு வாயு மட்டும் தரும் அழுத்தம். கரையில் 0.5 சதவீதக் கரியமில வாயு தாங்கக்கூடியது என்றால், 2.5 பாரில் அதே பாதிப்பைத் தர 0.2 சதவீதமே போதும். 100 மீட்டரில், 11 பாரில், 0.05 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். மேலே பழகிய எண்ணை வைத்துக் கீழே அளவுகோலைப் படிப்பவர் தலைவலி வந்த பிறகுதான் தவறை உணர்வார்.

அன்றாடமும் இந்த அழுத்தத்துக்குள்தான். வீட்டில் தண்ணீர் கொதிப்பது சுமார் 127 டிகிரியில். நம் பிரஷர் குக்கருக்குள் இருப்பதைவிடச் சற்றே அதிக அழுத்தத்தில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தால் சரியாக இருக்கும். அடுப்பு கிடையாது. அழுத்தம் கூடிய காற்றில் ஆக்சிஜனும் அடர்ந்திருப்பதால் தீப்பொறி பிடித்தால் வேகமாகப் பரவும். ஓடி வெளியேற இடமில்லை. வெந்நீர் ஊற்றி ஊறவைக்கும் உலர் உணவு, மைக்ரோவேவ், அவ்வளவுதான். பொருள்களை அழுத்தம் தாங்கும் மூடிய பானைகளில் வைத்து முக்குளிப்பவர்கள் இறக்கிக் கொடுப்பார்கள். மேலே இறுக மூடிய மருந்துப் புட்டியின் மூடியை இங்கே திறக்க முடியாது. மெல்லிய டப்பா நசுங்கியே வந்து சேரும். திரும்பும்போது இதற்கு நேர்மாறு: கீழே மூடிய ஜாடி மேலே போனால் உள்ளிருக்கும் 2.5 பார் அதை உடைத்துவிடும். அழுத்தம் இறக்கத் தொடங்கும் முன் வீட்டிலுள்ள ஒவ்வொரு மூடியையும் ஒருவர் தேடித் தேடித் தளர்த்துவார்.

எப்போதும் ஈரம், எப்போதும் வெதுவெதுப்பு. காதுக்குள் கிருமி வளர இதைவிட நல்ல இடம் கிடையாது. செறிவு நிலை முக்குளிப்பில் ஒரு பணியையே முடக்கக்கூடியது சுறாவைவிடக் காதுச் சீழ்தான் என்று தயங்காமல் சொல்லலாம். காலை, மாலை, ஒவ்வொரு முறை நீரிலிருந்து வந்த பிறகும், அசிட்டிக் அமிலச் சொட்டு மருந்தை ஒரு காதில் விட்டு ஐந்து நிமிடம் சாய்ந்து படுத்திருந்து, பிறகு மறு காதுக்கு. நேரத்தைக் கடிகாரம் பார்த்துத்தான் கழிக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடுகிறவருக்கு நாலாம் நாள் வலி வரும்.

வெளியே வேலை செய்யும்போது ஒரே ஒரு விதி மற்ற எல்லாவற்றுக்கும் மேல்: மேற்பரப்பு உன் புகலிடம் அல்ல. கரையிலிருந்து இறங்கும் முக்குளிப்பவருக்குக் காற்று தீர்ந்தால் மேலே போ என்று உடம்பே சொல்லும். செறிந்த உடம்போடு மேலே போனால் சில நிமிடங்களில் குமிழி. ஆகவே காற்றுக் கோளாறு வந்தாலும், வழி தவறினாலும், வீட்டுக்கோ அதன் பக்கத்தில் கவிழ்த்து வைத்த காற்றுக்கூண்டுக்கோதான் திரும்ப வேண்டும். இரட்டை உருளை, இரண்டு தனித்தனி மூச்சுக்கருவி, வீட்டிலிருந்து போடப்பட்ட வழிக்கயிறு, அதில் வீடு இருக்கும் திசையைக் காட்டும் அம்புக்குறிகள். கயிற்றை விட்டு விலகினால் கையிலுள்ள சுருளிலிருந்து நூல் விட்டுக்கொண்டே போக வேண்டும். பணிக்கு முன் நடக்கும் பயிற்சியில் பெரும்பகுதி, மேலே பார்க்கும் பழக்கத்தை மறக்கடிப்பதற்கே போகிறது.

வீடு திரும்பும் நாளில் கடனை அடைப்பது வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. முதலில் முகமூடி வழியாகச் சுத்த ஆக்சிஜன், 20 நிமிடம் வீதம் மூன்று முறை. நைட்ரஜனே இல்லாத வாயுவைச் சுவாசிக்கும்போது திசுவிலிருந்து நைட்ரஜன் விரைவாக வெளியேறும். பிறகு உள்வீட்டுக் கதவைச் சாத்தி, காற்றை மெல்ல வெளியேற்றத் தொடங்குகிறார்கள். சுமார் 17 மணி நேரம். அதற்குள் சாப்பிட்டு, தூங்கி, எழுந்தும்விடலாம். வெளியே 2.5 பார் இருக்க உள்ளே 1 பாருக்கு வந்துவிடுவதால், அதுவரை சும்மா இருந்த சுவருக்கு இப்போதுதான் வேலை. 75 சென்டிமீட்டர் அகலக் கதவின் மேல் ஆறரை டன்னுக்கும் அதிகமான விசை. எத்தனை பேர் சேர்ந்து இழுத்தாலும் திறக்காது.

கடன் தீர்ந்தது, உடம்பு கரைக்காரர் உடம்பு. ஆனால் ஆள் இருப்பது கடலடியில். ஆகவே ஐந்தாறு நிமிடத்தில் மறுபடி 2.5 பாருக்கு அழுத்தம் ஏற்றி, கதவைத் திறந்து, திண்ணையில் இறங்கி, அளந்த வேகத்தில் நீந்தி மேலே வருகிறார்கள். அந்தச் சில நிமிடத்தில் புதிதாகக் கரையும் வாயு பொருட்படுத்தும் அளவு இல்லை. அதன் பிறகும் குறைந்தது ஒரு நாளாவது விமானம் ஏறக் கூடாது.

அக்வாரியஸ் ஏன் 15 மீட்டரில் நிற்கிறது

அக்வாரியஸ் 15 மீட்டரோடு நிற்பதற்குக் காரணம் இரும்பு அல்ல, ஆக்சிஜன். நம் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், 2.5 பாரில் அதன் பகுதி அழுத்தம் 0.52 பார். நாள்கணக்கில் சுவாசிக்க 0.5 பார் அளவுதான் எல்லை. தாண்டினால் நுரையீரல் எரியத் தொடங்கும். அதற்கும் ஆழமாகப் போக வேண்டுமானால் ஆக்சிஜனைக் குறைத்துக் கலக்க வேண்டும். 1969-இல் வர்ஜின் தீவுகளில் நான்கு விஞ்ஞானிகள் 58 நாள் தங்கிய டெக்டைட் வீட்டில் ஆக்சிஜன் 8 சதவீதம், மீதி நைட்ரஜன். அதே காற்றைக் கரையில் சுவாசித்தால் மயங்கி விழ வேண்டியதுதான். 30 மீட்டருக்குக் கீழே நைட்ரஜனே போதையேற்றும், ஆகவே ஹீலியம்.

ஹீலியம் ஒரு சிக்கலைத் தீர்த்து நாலைத் தருகிறது. ஒலி அதில் காற்றைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் ஓடுவதால் பேச்சு வாத்துக் குரலாகிவிடும். சீலேப் 2-இல் ஒரு மாத அளவு தங்கிய விண்வெளி வீரர் ஸ்காட் கார்ப்பென்டர், அழுத்த அறையிலிருந்தபடி அதிபர் ஜான்சனோடு தொலைபேசியில் பேசியபோது அந்தக் குரலைப் புரிந்துகொள்வதே பெரும்பாடாயிற்று. வெப்பத்தை ஆறு மடங்கு வேகமாகக் கடத்துவதால், அறையை 30 டிகிரிக்கு மேல் வைத்தால்தான் குளிராது. ஒன்றிரண்டு டிகிரி கூடினாலே வியர்க்கும். நீருக்குள் வேலை செய்பவரின் உடைக்குள் மேலிருந்து வெந்நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கைக்கடிகாரத்துக்குள்ளும் ஹீலியம் நுழைந்துவிடும். அழுத்தம் இறக்கும்போது வெளியேற வழியில்லாமல் கண்ணாடியைத் தெறிக்க வைக்கும். முக்குளிப்புக் கடிகாரங்களில் பக்கவாட்டில் சின்ன வால்வு ஒன்று வந்தது இதனால்தான்.

கடனும் ஆழத்தோடு வளர்கிறது. அமெரிக்கக் கடற்படையின் ஹீலியம் அட்டவணைப்படி 60 மீட்டருக்குக் கீழே மணிக்கு 1.8 மீட்டர் வீதம் ஏற்றம். மேலே வர வர வேகம் குறைந்து, கடைசி 15 மீட்டரில் மணிக்கு 0.9 மீட்டர்தான். நாளில் 16 மணி நேரம்தான் ஏறலாம். மீதி நேரம் நிறுத்தம். 100 மீட்டருக்குக் கணக்குப் போட்டால் ஏற்றம் மட்டும் 70 மணி நேரம், நிறுத்தத்தோடு நாலு நாளுக்கு மேல். கரை தெரியும் தூரத்தில் ஏன் இத்தனை மெதுவாக? 100-இலிருந்து 90 மீட்டருக்கு வருவது 11 பாரிலிருந்து 10 பார். பதினொன்றில் ஒரு பங்குதான் மாற்றம். கடைசி 10 மீட்டரோ 2 பாரிலிருந்து 1 பார், சரிபாதி. குமிழிகள் பெரிதாவது அங்கேதான்.

1969 பிப்ரவரியில் சீலேப் 3-ஐ சான் கிளமென்டி தீவருகே 186 மீட்டரில் இறக்கினார்கள். வீட்டிலிருந்து ஹீலியம் கசிந்தது. சரிசெய்யப் போனவர்களில் பெர்ரி கேனன் என்ற முக்குளிப்பவர் இறந்துபோனார். அன்று பயன்படுத்திய மூச்சுக்கருவிகளில் ஒன்றில் கரியமில வாயுவை உறிஞ்சும் ரசாயனமே நிரப்பப்படவில்லை என்பது பிறகு தெரிந்தது. அத்தனை பெரிய திட்டம், ஒரு குப்பியை நிரப்பினோமா என்று பார்க்கும் கையெழுத்தில் நின்றது. திட்டத்தையே கைவிட்டார்கள்.

வீடு கப்பலுக்கு ஏறியது

யோசனை சாகவில்லை, இடம் மாறியது. உடம்பு செறிவு நிலையில் இருக்க வேண்டும் என்பதுதான் தேவை. வீடு கடலடியில் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆகவே அழுத்த அறையைக் கப்பல் தளத்திலேயே வைத்து, அதிலுள்ள அழுத்தத்தை வேலை செய்யும் ஆழத்துக்குச் சமமாக வைத்தார்கள். வேலை நேரத்தில் மணி எனப்படும் உருண்டைக் கூண்டு அறையோடு இணையும். ஆட்கள் அதற்குள் மாறி, அழுத்தம் மாறாமல் கீழே போய், வேலை முடிந்து அப்படியே திரும்புவார்கள். வட கடல் எண்ணெய்க் கிணறுகள் இப்படித்தான் எழுந்தன. புயல் வந்தால் கப்பலை நகர்த்தலாம், 76 டன் மிதப்பைக் கட்டிப்போட வேண்டியதில்லை, மருந்தும் சோறும் சிறு பெட்டிப் பூட்டு வழியாக உள்ளே போகும். வணிகக் கணக்கில் கடலடி வீடு தோற்றது இங்கேதான். தோற்றது நியாயம் என்றே சொல்ல வேண்டும்.

ஆபத்து மட்டும் தோற்கவில்லை. 1983 நவம்பர் 5 அன்று நார்வே பகுதிக் கடலில் பைஃபோர்டு டால்ஃபின் என்ற எண்ணெய்த் துரப்பண மேடையில், அறைக்கதவு முழுதும் சாத்தப்படுமுன் மணியை அறையோடு பிணைத்த கவ்வி திறக்கப்பட்டது. 9 பார் ஒரு நொடிக்குள் 1 பாராயிற்று. உள்ளே இருந்த நால்வரும் வெளியே நின்ற ஒருவரும் மாண்டார்கள். அழுத்தம் இருக்கும்வரை கவ்வி அசையவே முடியாதபடி பூட்டமைப்பு கட்டாயமானது அதன் பிறகுதான்.

இந்தியக் கடற்படையில் 2025 ஜூலை 18 அன்று விசாகப்பட்டினத்தில் சேர்க்கப்பட்ட ஐஎன்எஸ் நிஸ்தார் இந்த வகைக் கப்பல்தான். 300 மீட்டர் வரை செறிவு நிலை முக்குளிப்பு. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கும் மத்ஸ்யா 6000 என்ற ஆழ்கடல் நீர்மூழ்கி இதற்கு நேர் எதிரான வழி. 2.1 மீட்டர் உள்விட்டமும் 80 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட டைட்டானியக் கோளத்துக்குள் மூன்று பேர் கரையின் அழுத்தத்திலேயே 6000 மீட்டர் போய்வர வேண்டும். அங்கே வெளியே ஒரு சதுர சென்டிமீட்டரில் 600 கிலோ. உடம்புக்குக் கடனே இல்லை. கோளத்தின் ஒவ்வொரு பற்றவைப்பும் அதற்குப் பதிலாகச் சுமக்கிறது. வேலை 12 மணி நேரம், அவசரத்துக்கு 96 மணி நேரக் காற்று. ஆனால் அந்தக் கோளத்திலிருந்து கையை நீட்டி ஒரு சங்கைக்கூட எடுக்க முடியாது, இயந்திரக் கைதான். பவளத் திட்டில் ஒரே கிளையை நாளுக்கு ஆறேழு மணி நேரம், வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க இன்னும் அக்வாரியஸ் போன்ற வீடுதான் வேண்டும். மீன்கள் இரண்டாம் நாளில் ஆளைப் பழகிவிடும். அதன் பிறகு தெரிவதுதான் அவற்றின் உண்மையான நடத்தை.

அட்டவணை இல்லாமல் இறங்குபவர்கள்

மன்னார் வளைகுடாவில் காலில் கல்லோடு இறங்கி மூச்சடக்கி முத்துக்குளித்தவர்களுக்கு இந்தக் கடன் பெரிதாக ஏறவில்லை. ஒரே மூச்சுக் காற்று, ஓரிரு நிமிடம், கரைய நேரமில்லை. கம்ப்ரஸரும் உருளையும் வந்த பிறகு கதை மாறிவிட்டது. தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிப்பவர்களும், இலங்கையின் வடக்கில் சங்கும் கடலட்டையும் எடுப்பவர்களும் இன்று நீருக்கடியிலேயே தொடர்ந்து சுவாசிக்கிறார்கள். 15, 20 மீட்டரில் ஒரு நாளில் பலமுறை இறங்கினால், முந்தைய இறக்கத்தின் நைட்ரஜன் வெளியேறுமுன் அடுத்தது ஏறும். காற்று தடையில்லாமல் வருவதால் ஒரு மணி நேரம் போனதே தெரியாது.

மேலே வந்து சில நிமிடம் முதல் சில மணி நேரத்துக்குள் தோள், முட்டி வலி, தோலில் அரிப்பு, கால் மரப்பு, நடை தள்ளாட்டம், எல்லாவற்றுக்கும் மேல் சிறுநீர் போக முடியாமை. இவற்றில் எது வந்தாலும் அது குளிர் அல்ல, களைப்பு அல்ல. ஆளை மல்லாக்கப் படுக்க வைத்து, கிடைக்கும் சுத்த ஆக்சிஜனை இறுக்கமான முகமூடியில் கொடுக்க வேண்டும்; நினைவிருந்தால் தண்ணீர் தரலாம், மது கூடாது. வலி தீர மறுபடி கடலில் இறக்கும் பழக்கம் உண்டு. அழுத்தம் ஏறியதும் வலி தணிவது உண்மைதான். ஆனால் சாதாரணக் காற்றோடு இறக்கினால் இன்னும் நைட்ரஜன் ஏறும், கடனோடு கடன் சேரும், கீழேயே மயங்கினால் மீட்க வழியில்லை. சரியான மருத்துவம் அழுத்த அறையில், 18 மீட்டருக்குச் சமமான 2.8 பாரில், ஆக்சிஜனோடு சுமார் ஐந்து மணி நேரம். அதற்கு அனுப்பும்போது கூடப் போகிறவர் கையில் மூன்று எண்கள் இருக்க வேண்டும்: எத்தனை மீட்டர் இறங்கினார், எத்தனை நிமிடம் இருந்தார், அன்று எத்தனையாவது இறக்கம்.